உன் வகுப்பின் சத்தத்தை நான்தான் அணைத்தேன்

நீங்களெல்லாம் விழுந்து விழுந்து சிரித்து ஃபார்வர்டு செய்த அந்த பி.டி. பீரியட் வீடியோவை நீக்கிவிட்டேன், அதில் நான் சொன்னது முழுக்க முழுக்கத் தப்பு, வருகிற சனிக்கிழமை காலை அதே கிரவுண்டில் எல்லோர் முன்னாலும் நானே வந்து அதைச் சொல்லப் போகிறேன்!

நைனா, மேலே இருக்கிற வரி ஊருக்கு. இனி வருவதெல்லாம் என் மகனான உனக்கு. ஊரும் கூடவே படிக்கட்டும். உன்னைக் கேலி செய்தது ஊரைக் கூட்டி வைத்துத்தான். மன்னிப்பை மட்டும் சோறு போடும்போது உன் காதோடு சொல்லி முடித்துக்கொண்டால் நியாயமில்லை. இந்தப் பக்கத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதால் உனக்குத் தெரிந்ததையே சில இடங்களில் திரும்பச் சொல்வேன். நீ பொறுமைசாலி, பொறுத்துக்கொள்வாய். அந்தப் பொறுமையைப் பற்றியே உன்னிடம் ஒரு சண்டை பாக்கி இருக்கிறது. அது பின்னால்.

நான் ஓட்டப் பைத்தியம். பத்தொன்பது வயதில் கல்யாணம், அடுத்த வருஷம் நீ. முப்பது வயது தாண்டும் வரை நான் ஓடியதெல்லாம் திருவொற்றியூரில் பஸ்ஸைப் பிடிக்கத்தான். கல்மண்டபத்தில் கப்பல்களுக்கு அரிசி, பருப்பு, சோப்பு, கயிறு என்று சாமான் ஏற்றிவிடுகிற கடையில் பில் போடுகிற வேலை. கப்பல் வராத நாளில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். நீ ஒன்பதாவது படிக்கும்போது நெட் மலிவாகி, என் கையிலும் ஒரு போன் வந்தது. ஒரு மத்தியானம் தற்செயலாக ஒரு மாரத்தான் ஓட்டத்தைப் பார்த்தேன். கமெண்டரி எந்த மொழி என்றுகூடத் தெரியவில்லை. கடைசி வளைவில் இரண்டு பேர் தோளோடு தோள் வந்தார்கள். நான் எழுந்து நின்று கத்திவிட்டேன். ஏதோ மூட்டை சரிந்து யார் மேலோ விழுந்துவிட்டது என்று முதலாளி குடோனிலிருந்து ஓடி வந்தார். அன்றைக்குப் பிடித்த கிறுக்கு. ஓட்டக்காரர்களின் பெயர் என் வாயில் நுழையாது, ஆனால் யார் எந்த இடத்தில் வேகம் எடுத்தார் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன், சுடிதாருக்குக் கீழே ஷூவைப் போட்டுக்கொண்டு கடலோரம் கல் கொட்டியிருக்கும் ரோட்டில் ஓடினேன், ஓடியதைப் படம் பிடித்துப் போட்டேன். பார்க்க ஆள் சேர்ந்தது.

ஆள் சேர்ந்ததும் எனக்கு வாத்தியார் வேஷம் வந்துவிட்டது. ‘மூச்சு வாங்கலன்னா அது எக்சர்சைஸ் இல்ல, ஊர்சுத்தல்’ என்று என் பக்கத்தின் தலையிலேயே எழுதி வைத்தேன். பர்மா பஜாரில் வாங்கிய வாட்ச் இதயத் துடிப்பைக் கலர் கலராகக் காட்டும். நீலம், பச்சை, ஆரஞ்சு, சிவப்பு. சிவப்புதான் முதல் பரிசு என்று நானே முடிவு செய்துகொண்டேன். கூட ஓட வந்தவர்கள் எல்லோரையும் சிவப்புக்குத் துரத்தினேன். மீன் கம்பெனியில் நாள் முழுக்க நின்றபடி வேலை செய்கிற பெண்கள் சிலர் ஆசையாக வந்தார்கள். ஒரே வாரத்தில் நின்றுபோனார்கள். ஏன் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. சோம்பேறித்தனம் என்று அதற்கும் ஒரு வீடியோ போட்டேன். உன்னையும் விடவில்லை. காலையில் உன்னைக் கல் ரோட்டில் ஓடவிட்டு, அப்பாவை ஸ்கூட்டர் ஓட்டச் சொல்லி, பின்னால் உட்கார்ந்து கத்திக்கொண்டே வந்தேன். நீ கல்மேட்டில் குனிந்து வாந்தி எடுத்தாய். அதுதான் பவர், வெளியே வருகிறது பார் என்று சொன்னேன். அப்பா வண்டியை நிறுத்திவிட்டு உன் முதுகைத் தடவினார். நீ வாயைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாய். அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். இப்போது அந்த முகத்தை நினைத்துப் பார்க்கிறேன். அம்மாவின் சந்தோஷத்தைக் கெடுக்க வேண்டாமே என்று ஒரு பையன் சிரிக்கிற சிரிப்பு அது.

நீ உடற்கல்வி படிக்கச் சேர்ந்தபோது எனக்கு வாரிசு வந்துவிட்டது என்று தெருவெல்லாம் சொன்னேன். ஆனால் படித்துவிட்டு வந்து நீ பேசியதெல்லாம் எதிர்க்கட்சி. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட உட்கார்ந்தபோது என் வாட்ச்சைக் கழற்றி வாழைப்பழத்தில் கட்டினாய். வாழைப்பழத்துக்கும் இதயத் துடிப்பு காட்டியது, அதுவும் அழகாகப் பச்சைக் கலரில்.

“ம்மா, வாயப்பயம் நல்லா ஃபிட்டா கீது. ஒன் குரூப்ல சேத்துக்கோ” என்றாய்.

அப்பாவுக்குச் சிரித்ததில் புரை ஏறியது. நான் இரண்டு நாள் உன்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் நீயே வந்து, கோபித்துக்கொண்டிருந்த என்னைக் கூட நடக்கக் கூப்பிட்டுப் போய், கல்லூரியில் கற்றுக்கொண்டதைச் சொன்னாய். நடக்கும்போதோ ஓடும்போதோ பாட்டுப் பாட முடிந்தால் உடம்பு லேசாக வேலை செய்கிறது. பாட வராமல் பேச மட்டும் வந்தால் நடுத்தரமான வேலை. ஒன்றிரண்டு வார்த்தைக்கு மேல் வாயில் வரவில்லை என்றால் கடுமையான வேலை. வாட்ச் வேண்டாம், வாய் போதும். தினமும் கடுமையாகவே செய்தால் உடம்பு வளராது, உடைந்துவிடும். பேசுகிற வேகத்தில் நிறையச் செய்து, மூச்சு வாங்குவதை நடுவில் கொஞ்சம் வைக்க வேண்டும். அதோடு இன்னொன்று சொன்னாய், அதைத்தான் நான் காதில் வாங்கியிருக்க வேண்டும். ஒருவருக்குப் பாட்டு வருகிற வேகத்தில் இன்னொருவருக்கு மூச்சு முட்டும். அதனால் யார் முன்னால் போகிறார் என்பதை வைத்து யார் அதிகம் உழைக்கிறார் என்று சொல்ல முடியாது. நானோ, பேசிக்கொண்டே ஓட நான் என்ன மார்க்கெட்டுக்கா போகிறேன் என்று கேட்டு உன் வாயை அடைத்தேன்.

அப்புறம் உனக்கு இந்தப் பள்ளியில் தற்காலிக பி.டி. சார் வேலை கிடைத்தது. கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கிற ரோட்டை ஒட்டிய கிரவுண்ட், பிள்ளைகளின் வெள்ளை ஷூ மணி அடிப்பதற்குள் சாம்பல் கலராகிவிடும். சேர்ந்த புதிதில் நீ கவனித்தது, விசில் ஊதியதும் கிரவுண்டுக்கு ஓடி வருகிறவர்களை இல்லை. வராமல் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிடுகிறவர்களை. காரணம் கேட்டால் தலைவலி, செருப்பு அறுந்துவிட்டது என்பார்கள். உண்மைக் காரணம் வேறு என்று உனக்குத் தெரிந்தது. நாலு சுற்று ஓடு என்றால் கடைசியாக வருகிறவர்களை எல்லோரும் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். நீ சுற்றுக் கணக்கையே நீக்கிவிட்டாய். ஜோடி ஜோடியாக விட்டு, பேசிக்கொண்டே போகச் சொன்னாய். பாதிப் பேரின் அப்பாக்கள் டிரைலர் ஓட்டுகிறவர்கள் என்பதால் பிள்ளைகளே அதற்குப் பெயரும் வைத்தார்கள். பாட்டு கியர், பேச்சு கியர், மூச்சு கியர். இன்றைக்குப் பேச்சு கியர் என்று நீ சொன்னால் ஒருவன் ஓடித்தான் அதைப் பிடிப்பான், இன்னொருத்தி நடந்தே பிடிப்பாள். எண்ணூர் அனல்மின் நிலையத்துப் பக்கமிருந்து காற்று சாம்பலைக் கொண்டுவரும் நாளில் எல்லோருக்கும் பாட்டு கியர் மட்டும்தான். மரத்தடி காலியானது. இதையெல்லாம் நீ வீட்டில் சொல்லிக்கொண்டுதான் இருந்தாய். நான் போனைப் பார்த்துக்கொண்டே “ம்” கொட்டிக்கொண்டிருந்தேன்.

போன மாதம் கடைக்குச் சீக்கிரம் கிளம்பிய ஒரு காலையில் ஷேர் ஆட்டோ உன் பள்ளி காம்பவுண்டை ஒட்டி டிராஃபிக்கில் நின்றுவிட்டது. இறங்கி எட்டிப் பார்த்தேன். உன் ஒன்பதாம் வகுப்பு. பிள்ளைகள் ஊர்வலம் மாதிரி ஜோடி ஜோடியாக, கதை பேசிக்கொண்டு, ஒருவன் பாடிக்கொண்டு போகிறான். போனைச் சுவருக்கு மேலே பிடித்து எடுக்க ஆரம்பித்தேன். எல்லோருக்கும் கடைசியில், நல்ல இடைவெளி விட்டு, உடம்பு கொஞ்சம் கனமான ஒரு பெண்ணும் அவள் ஜோடியும். அந்தப் பெண் திடீரென்று கையை மேலே தூக்கினாள். எனக்கு அது சிரிப்பாக இருந்தது. அதுவும் வீடியோவில் பதிந்தது. கடைக்குப் போய் உட்கார்ந்து, ஒரிஜினல் சத்தத்தை அணைத்துவிட்டு, கல்யாண ஊர்வலத்து பேண்டு வாத்தியத்தைப் போட்டேன். கையைத் தூக்கிய இடத்தை மட்டும் மூன்று தடவை திரும்பத் திரும்ப வரும்படி ஒட்டினேன். ‘இது பி.டி. பீரியடா, பொண்ணு அழைப்பா? என் புள்ள வாத்தியாரான லட்சணத்தப் பாருங்க மக்களே’ என்று தலைப்பு.

நம் வீட்டில் கலாய்ப்பதுதான் பாசம் என்பது உனக்குத் தெரியும். அப்பா என்னைக் கலாய்ப்பார், நான் உன்னைக் கலாய்ப்பேன், நீ வாழைப்பழத்தை வைத்து எல்லோரையும் சேர்த்துக் கவிழ்ப்பாய். இந்தத் தெருவில் ஒருத்தரை யாரும் கலாய்க்கவில்லை என்றால்தான் அவரோடு ஏதோ மனஸ்தாபம் என்று அர்த்தம். நம் சண்டையைப் பார்க்கத்தான் என் பக்கத்துக்குப் பாதிக் கூட்டம் வருகிறது. அந்த வீடியோவையும் அந்தக் கணக்கில்தான் போட்டேன். அந்த ஃபிரேமுக்குள் நம் வீட்டு ஆள் நீ ஒருவன்தான், மற்றவர்களெல்லாம் அடுத்த வீட்டுப் பிள்ளைகள் என்பது என் மண்டையில் ஏறவே இல்லை. முகத்தை மறைக்கக்கூட இல்லை, நைனா.

சாயந்திரத்துக்குள் அது காட்டுத்தீயாகப் பரவியது. நீ வீட்டுக்கு வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தபோது நான் போனை நீட்டி, எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள் பார் என்று காட்டினேன். நீ துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே முழுவதும் பார்த்தாய்.

“சவுண்டு இன்னாம்மா ஆச்சி?” என்றாய்.

“பேண்டு போட்டுகிறேன்ல. செமையா செட் ஆயிட்ச்சி.”

“அத்த கேக்கல. அதோட சவுண்டு இன்னா ஆச்சி?”

நான் சிரித்தேன். நீ துண்டை உலர்த்திவிட்டுச் சாப்பிடப் போய்விட்டாய். உன் கேள்வி எனக்குப் புரியவில்லை என்பதைவிட, புரிந்துகொள்ள எனக்கு நேரமில்லை என்பதுதான் நிஜம். கமெண்டுகளுக்கு ஹார்ட் போட்டுக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு நடந்தது எனக்குத் துண்டு துண்டாகத்தான் வந்து சேர்ந்தது, ஏனென்றால் நீ எதையும் சொல்லவில்லை. பெற்றோர் குரூப்பில் வீடியோ போயிருக்கிறது. பிள்ளைகளை வாக்கிங் கூட்டிப்போகவா சம்பளம் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அதற்குப் பதில் கணக்கு நடத்தலாமே என்று இன்னொருவர். தாளாளர் உன்னைக் கூப்பிட்டு மேஜைமேல் போனை வைத்து, பெற்ற தாயே சிரிக்கிறாள், நான் என்ன பதில் சொல்வது என்று கேட்டிருக்கிறார். வருகிற சனிக்கிழமை பெற்றோர் கூட்டம். ஒன்பதாம் வகுப்பு பி.டி. பீரியடை ரிவிஷனுக்குக் கொடுப்பதா, உன் வேலையை நீட்டிப்பதா என்பது அன்றைக்குத்தான் முடிவாகும். அதுவரை ஒழுங்காக டிரில் எடுக்கச் சொல்லிவிட்டார்கள். நீ வரிசையாக நிற்க வைத்து, கையைத் தூக்கு, கையை இறக்கு என்று எடுக்க ஆரம்பித்தாய். ஓசூரில் ஹாஸ்டல் பள்ளி ஒன்றில் வேலை கிடைத்திருப்பதையும் ஞாயிற்றுக்கிழமை கிளம்புவதையும் அப்பாவிடம் மட்டும் சொன்னாய். அப்பா மூலமாக நான் கேட்டேன். ஒரே வீட்டில், ஒரே ஃபேனுக்குக் கீழே படுத்துக்கொண்டு, என் மகன் ஊரைவிட்டுப் போவதை நான் வேறொருவர் சொல்லிக் கேட்டேன்.

இத்தனைக்குப் பிறகாவது எனக்குப் புத்தி வந்தது என்று எழுத ஆசைதான். வரவில்லை. பார்க்கிறவர்கள் பார்ட் டூ கேட்டார்கள். இன்னொரு துண்டு கிடைக்குமா என்று தேடத்தான் அந்த ஒரிஜினல் வீடியோவைத் திறந்தேன். கடையில் ஆள் இல்லை, இயர்போன் காதில். முதல் முறையாகச் சத்தத்தோடு பார்த்தேன்.

முதலில் லாரி ஹார்ன். அப்புறம் இரண்டு பையன்கள் சுவரை ஒட்டி ஓடிப் போனார்கள், எந்தக் கடை பிரியாணியில் லெக் பீஸ் பெரியது என்று சண்டை போட்டுக்கொண்டே. மூச்சுகூட மாறவில்லை. பாடிக்கொண்டு போனவன் தன் ஜோடியிடம், பாட்டு வருகிறது, இது செல்லாது, வேகமாகப் போ என்று தானே சொல்லித் தானே வேகம் கூட்டினான். யாரும் விசில் ஊதவில்லை. பிள்ளைகளே தங்களை அளந்துகொண்டு போனார்கள். நான் வெட்டி எறிந்த சத்தத்தில்தான் உன் பாடம் முழுவதும் இருந்தது. கடைசியாக அந்தப் பெண்ணும் அவள் ஜோடியும் வந்தார்கள்.

“இன்னாடி, பேசு” என்றது ஜோடி.

“வர்ல.”

“அப்ப ஸ்லோ பண்ணு. மூச்சு கியர்ல கீற.”

“வாணாம். தூண்... வரிக்கும்.”

கிரவுண்டின் கோடியில் இருக்கிற தூணைச் சொல்கிறாள். தூரத்திலிருந்து உன் குரல் கேட்டது. “பேச வர்லன்னா வாணாம்மா. முடியும்னா கைய மட்டும் தூக்கிக் காட்டு. இன்னிக்கி கிரவுண்ட்லயே நீதான் டாப்பு.”

அவள் கையைத் தூக்கினாள்.

நான் மூன்று தடவை ஒட்டிய கை அதுதான், நைனா. ஊரே ஸ்டிக்கர் போட்டுச் சிரித்த கை. அந்த வகுப்பிலேயே கடுமையாக உழைத்துக்கொண்டிருந்த ஒரே ஆள், முடியும் என்று தன் சாருக்குக் காட்டிய கை. மூச்சு வாங்கலன்னா அது எக்சர்சைஸ் இல்லை என்று தலையில் எழுதி வைத்திருப்பவள் நான். என் கண்முன்னால் ஒருத்திக்கு மூச்சு வாங்கியது. அந்த மூச்சை அணைத்துவிட்டு அதன்மேல் பேண்டு வாத்தியம் போட்டேன்.

இயர்போனைக் கழற்றினேன். ரசிகையாக நான் பார்த்த ஓட்டங்களை எல்லாம் நினைத்தேன். கேமரா எப்போதும் முன்னால் ஓடுகிறவரோடுதான் போகும். கடைசியில் வருகிறவர் என்ன ஆனார் என்று ஒரு ஓட்டத்திலும் நான் பார்த்ததில்லை. ரசிகைக்கு அது போதும். சொல்லித் தருகிறவருக்குப் போதாது. இது உனக்கு இருபத்திமூன்று வயதில் தெரிந்திருக்கிறது, எனக்கு நாற்பத்திமூன்றில்.

வீடியோவை அங்கேயே அழித்தேன். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டே கேட்டார். “கேட்டத் தாண்டிப் போன கன்டெய்னரு அது, மே. நீ இங்க பேப்பரக் கிய்ச்சா திரும்பி வந்துருமா?”

மறுநாள் உன்னிடம் சொல்லாமல் அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். அவள் பெயரையும் தெருவையும் எழுதமாட்டேன், அடையாளம் தெரிகிற எதையும் எழுதமாட்டேன். அவள் அம்மா கதவைத் திறந்ததும் என்னை அடையாளம் கண்டுகொண்டார். முதலில் அவர் பார்த்தது என் கையில் இருந்த போனைத்தான். பழக்கதோஷத்தில் கையிலேயே பிடித்துக்கொண்டு போயிருக்கிறேன். பையில் போட்டேன். அதற்குப் பிறகுதான் உள்ளே வரச் சொன்னார். நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார். திட்டினால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை. மகள் இதுவரை எந்த வருஷமும் பி.டி. வகுப்புக்கு ஷூ கேட்டதில்லை, இந்த வருஷம்தான் கேட்டாள், வாங்கி வைத்தது டப்பாவிலேயே இருக்கிறது என்று மட்டும் சொன்னார். இப்போது டிரில்லுக்கும் போவதில்லையாம், மறுபடியும் மரத்தடிதானாம்.

நான் என்னவோ பேசினேன். தெரியாமல் செய்துவிட்டேன், என் மகனைக் கலாய்க்கத்தான் போட்டேன் என்று. எல்லாம் உண்மை, ஒன்றும் உதவவில்லை. அப்போது அந்தப் பெண் உள்ளே இருந்து வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. கோபமாகக்கூட இல்லை. ரொம்ப நாளாகக் கேட்க நினைத்த ஒன்றைக் கேட்கிற மாதிரி கேட்டாள்.

“ஆன்ட்டி, அன்னிக்கி நான் தூண் வரிக்கும் போய்ட்டேன். அத்த மட்டும் ஏன் கட் பண்ணீங்க?”

நான் கட் பண்ணவில்லை. கை தூக்கியது கிடைத்ததும் போதும் என்று போனை இறக்கிவிட்டேன், அவ்வளவுதான். அவள் தூணைத் தொட்டதை நான் பார்க்கவே இல்லை. இதை அவளிடம் எப்படிச் சொல்வது? சொன்னேன். சொல்லித்தான் ஆக வேண்டும். நீ போனதை நான் பாக்கலம்மா, பாதியிலேயே ஆட்டோ ஏறிட்டேன் என்றேன். இதையெல்லாம் என் பக்கத்தில் எழுதட்டுமா, வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறேன் என்று கேட்டேன். அம்மாவும் மகளும் உள்ளே போய் ஏதோ பேசிக்கொண்டார்கள். திரும்பி வந்து மகள்தான் பதில் சொன்னாள்.

“எயுதுங்க. பேரு வாணாம். தூண் வரிக்கும் போனேன்னு எயுதுங்க.”

எழுதிவிட்டேன்.

அங்கிருந்து நேராக உன் தலைமை ஆசிரியையிடம் போனேன். சனிக்கிழமை பெற்றோர் கூட்டத்துக்கு முன்னால் ஒரு பீரியட் நேரம் கிரவுண்டைக் கேட்டேன். யோசித்தார். வீடியோ எடுக்கக்கூடாது, பிள்ளைகள் யாரையும் கட்டாயப்படுத்தக்கூடாது, சார் ஒத்துக்கொண்டால்தான் அவர் வகுப்பு, இல்லையென்றால் உங்கள் மன்னிப்பும் நடையும் மட்டும் என்று மூன்று நிபந்தனை போட்டார். முதல் இரண்டுக்கும் தலையாட்டினேன். மூன்றாவதுக்குத்தான் இந்தக் கடிதம்.

இப்போது அந்தச் சண்டை. நீ ஏன் என்னைப் பார்த்துக் கத்தவில்லை? வாந்தி எடுத்தபோதும் சிரித்தாய், மானத்தை வாங்கியபோதும் துண்டை உலர்த்திவிட்டுச் சாப்பிடப் போனாய். சவுண்டு என்ன ஆச்சு என்று இரண்டு தடவை கேட்டாயே, மூன்றாவது தடவை என் கையைப் பிடித்து உலுக்கிக் கேட்டிருந்தால் அன்றைக்கே வீடியோவை நீக்கியிருப்பேன். உன்மேல் பழியைப் போடவில்லை, நைனா. தப்பு என்னுடையது. ஆனால் நாளைக்கு உனக்குக் கல்யாணம் ஆகும், மேலதிகாரி வருவார், உன் வகுப்பைப் பற்றித் தெரியாமல் பேசுகிறவர்கள் வந்துகொண்டே இருப்பார்கள். பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாயே, முடியவில்லை என்றால் முடியவில்லை என்று வாயால் சொல்லு என்று. அது உனக்கும்தான். உன் அமைதியை எல்லோரும் சம்மதம் என்றே எடுத்துக்கொள்வார்கள். இருபது வருஷத்துக்கு மேலாக நானே அப்படித்தானே எடுத்துக்கொண்டேன்.

இதைப் போடுவதற்கு முன் உன்னிடம் படிக்கக் கொடுத்தேன். ஃபிரிட்ஜில் சாய்ந்து நின்று முழுவதும் படித்தாய். உன்னைப் பெரிய மேதை என்று ஒரு இடத்தில் எழுதியிருந்தேன். “இத்த எட்த்துரு. மத்தத போட்டுக்கோ” என்றாய். சனிக்கிழமை வருவாயா என்று கேட்டேன். நீ வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. உன் பெட்டி கட்டி வாசலோரம்தான் இருக்கிறது. ஓசூருக்குப் போக வேண்டும் என்று தோன்றினால் போ. அம்மா திருந்திவிட்டாள் என்பதற்காக நீ இங்கே இருக்க வேண்டியதில்லை. ஆனால் போவதாக இருந்தால், துரத்தப்பட்டவனாகப் போகாதே. அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு தடவை உன் பாடத்தைச் சத்தத்தோடு எடுத்துவிட்டுப் போ. அந்தப் பெண் வருவாளா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை. கேட்கிற உரிமை எனக்கில்லை.

மற்ற எல்லோருக்கும். அந்த வீடியோ உங்கள் போனில் இருந்தால் அழித்துவிடுங்கள். எந்தெந்த குரூப்புக்கு அனுப்பினீர்களோ, அதே குரூப்புகளுக்கு, அதே ஆட்களுக்கு இதையும் அனுப்புங்கள். அதைவிட ஒரு ஆள்கூடக் குறையக் கூடாது. அந்தப் பள்ளியில் உங்கள் பிள்ளை படித்தால் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு வாருங்கள், புடவையோ லுங்கியோ ஷூவோ செருப்போ எதுவானாலும் சரி. ஒரு ஜோடியைக் கூட்டி வாருங்கள், போனை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். அரை மணி நேரம் பேசிக்கொண்டே நடந்து பார்த்துவிட்டு, அப்புறம் கூட்டத்தில் உட்கார்ந்து, இது வகுப்பா இல்லையா என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். வர முடியாத ஊரில் இருப்பவர்கள் கீழே எனக்கு ஹார்ட் போட வேண்டாம், அம்மா கிரேட் என்று எழுதவும் வேண்டாம். உங்கள் வீட்டில் பி.டி. பீரியடில் கிரவுண்டுக்குள் இறங்காமலே பள்ளியை முடித்தவர்கள் யாராவது இருந்தால், ஒருவேளை அது நீங்களாகவே இருந்தால், ஏன் இறங்கவில்லை என்று எழுதுங்கள். அடுத்தவர் கதை என்றால் அவரிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள். நான் பதில் போடமாட்டேன். என் மகன் படிப்பான், அவனுக்குத் தோன்றும்போது அவன் பேசுவான், நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.